கைப்பொருளும் கருத்துப்பொருளும்: தமிழகத் தொடக்கப்பள்ளிச் செயல்வழிக் கற்றல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தொடக்கப்பள்ளி வகுப்பறையில் குழந்தை பொருள்களைக் கையாண்டு கற்பது சிறந்தது என்னும் கருத்து, இன்று தமிழகக் கல்விச் சொல்லாடலில் ஐயத்திற்கு அப்பாற்பட்ட ஒன்றாக நிலைபெற்றுள்ளது. இக்கட்டுரை அக்கருத்தை மறுக்கவில்லை; அது எந்நிலையில் உண்மையாகிறது, எந்நிலையில் வெற்று வழக்கமாகிவிடுகிறது என்பதை ஆராய்கின்றது. இடமதிப்பு கற்பித்தலில் பயன்படும் குச்சிக்கட்டு, தமிழ் எழுத்து கற்பித்தலில் பயன்படும் எழுத்தட்டை ஆகிய இரண்டையும் சான்றாகக் கொண்டு, கற்றல்பொருள் ஒவ்வொன்றும் தான் உணர்த்தக்கூடியதையும் உணர்த்த இயலாததையும் தன்னகத்தே கொண்டுள்ளது என்பதும், அவ்விடைவெளியை நிரப்புவது பொருளைப் பற்றி நிகழும் பேச்சே என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: செயல்வழிக் கற்றல், கற்றல்பொருள், குறியீடு, இடமதிப்பு, தமிழ் எண்ணுப்பெயர், எழுத்தட்டை, எண்ணும் எழுத்தும்.

முன்னுரை

2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கப்பெற்ற செயல்வழிக் கற்றல் முறை, விரைவில் மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்திற்கும், 2007-08ஆம் கல்வியாண்டில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாகத் தமிழகத்தின் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அன்றைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் இம்முயற்சிக்கு முன்னின்றார். ஆந்திர மாநிலம் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியின் ஊரகப் பள்ளிகளில் உருவான பல்வகுப்புக் கற்பித்தல் முறையே இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. பின்னர் இம்முறை பாடநூலோடு இணைத்து எளிமையாக்கப்பட்டது. 2022-23ஆம் கல்வியாண்டு முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலும், அடுத்த ஆண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளிலும் நடைமுறைக்கு வந்தது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் திட்டங்களின் பெயர்களும் வடிவங்களும் மாறியுள்ளன. ஆயினும் அவற்றினூடே ஒரு நம்பிக்கை மாறாமல் தொடர்கிறது. குழந்தையின் கையில் பொருள் இருந்தால் அதன் மனத்தில் கருத்து தோன்றும் என்பதே அந்நம்பிக்கை. பயிற்சி ஏடுகளும் கல்வியியல் ஆய்வேடுகளும் இந்நம்பிக்கையை முடிவாகவே எடுத்துக்கொண்டு தொடங்குகின்றன. அதனை வினாவாக எடுத்துக்கொள்வது அரிதாகவே உள்ளது. ஒரு முறையைப் பாராட்டுவதற்கும் அதன் இயங்குமுறையை அறிவதற்கும் வேறுபாடு உண்டு. பாராட்டு மட்டுமே எஞ்சும்போது, அம்முறை தோல்வியுறும் இடத்தில் பழி குழந்தையின்மீதோ ஆசிரியரின்மீதோ விழுகிறது. குச்சிகளை ஓராண்டு எண்ணிய பின்னும் இருபத்து மூன்றை 203 என எழுதும் குழந்தை ‘மெல்லக் கற்பவர்’ எனப் பெயரிடப்படுகிறது. அப்பெயரீடு சரியானதா என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

‘செயல்’ என்னும் சொல்லின் பொருள்விரிவு

செயல்வழிக் கற்றல் என்னும் தொடரில் ‘செயல்’ என்பது எதனைச் சுட்டுகிறது என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை. புளியங்கொட்டைகளைக் கூட்டிக் குவிப்பது செயல். அட்டையிலுள்ள புளியங்கொட்டைப் படத்தைப் பார்த்து எண்ணுவதும் செயல். பயிற்சி நூலில் விடையை நிரப்புவதும் செயல். பாடலுக்கேற்ப ஆடுவதும் செயல். நான்கிற்கும் ‘செயல்பாடு’ என்ற ஒரே பெயர் வழங்குகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1966ஆம் ஆண்டு வெளியிட்ட கற்பித்தல் கோட்பாடு குறித்த நூலில், அறிவு மூன்று வடிவங்களில் அமைகிறது எனப் பகுத்தார். உடலின் இயக்கத்தால் அறிவது செயல்நிலை. படத்தாலும் காட்சியாலும் அறிவது படிமநிலை. சொல், எண், எழுத்து ஆகியவற்றால் அறிவது குறியீட்டுநிலை. இப்பகுப்பை ஏற்றுக்கொண்டு நோக்கினால், மேற்கூறிய நான்கு செயல்பாடுகளும் வெவ்வேறு நிலைகளைச் சார்ந்தவை என்பது புலனாகும். புளியங்கொட்டையை எண்ணுவது முதல்நிலை. படத்தை எண்ணுவது இரண்டாம்நிலை. விடை நிரப்புவது மூன்றாம்நிலை. ஒரே பெயரால் இவற்றை வழங்கும்போது, ஒரு நிலையிலிருந்து மற்றொன்றிற்குக் குழந்தை எவ்வாறு செல்கிறது என்ற வினாவே மறைந்துவிடுகிறது.

செயல்வழிக் கற்றல் வகுப்பறையின் மையக் கருவி அட்டையே. பாடப்பொருள் சிறு படிநிலைகளாகப் பகுக்கப்பட்டு ஏணிப்படி அட்டவணையில் வரிசைப்படுத்தப்பட்டது. குழந்தை தன் படிநிலையை ஏணிப்படியில் கண்டறிந்து, அதற்குரிய சின்னம் பொறித்த அட்டையை எடுத்து, உரிய குழுவில் அமர்ந்து பணியை முடித்து அடுத்த படிக்குச் சென்றது. இதில் குழந்தையின் உடலியக்கம் மிகுதி. எழுதல், தேடல், எடுத்தல், அமர்தல், திரும்ப வைத்தல் அனைத்தும் அதன் பொறுப்பே. ஆனால் இவ்வியக்கம் கற்றலை ஒழுங்குசெய்யும் இயக்கம். கருத்தை உருவாக்கும் இயக்கமாக அது எப்போதும் அமைவதில்லை. அட்டையை எடுத்துவரும் கையும் பத்துக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டும் கையும் ஒரே வகையான வேலையைச் செய்வதில்லை.

மணலிலிருந்து அட்டைக்கு: ஒரு வரலாற்றுக் குறிப்பு

பொருளைக் கையாண்டு கற்பது மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என்ற கருத்து பரவலாக உள்ளது. 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்கில் ஃபிரோபெல் நிறுவிய சிறார் பள்ளியும், 1907இல் ரோம் நகரில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லமும் இதன் தொடக்கங்களாகச் சுட்டப்படுகின்றன. மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்ததும், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்ததும் தமிழகத்திற்கும் அம்மரபிற்கும் உள்ள நேரடித் தொடர்புகள். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே கல்வியின் நடுவே வைத்தது.

இவற்றுக்கு முன்னரே, தமிழகத்திலிருந்து ஒரு வகுப்பறைச் செயல் ஐரோப்பாவிற்குச் சென்றிருக்கிறது. சென்னை எழும்பூரில் இயங்கிய படைவீரர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பில் 1789 முதல் 1796 வரை இருந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அமைத்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக இது ‘மதராஸ் முறை’ எனப் புகழ்பெற்றது.

இந்நிகழ்வு பெருமிதத்திற்குரிய செய்தியாகவே பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகிறது. திறனாய்வு நோக்கில் அது வேறொரு பாடத்தையும் தருகிறது. திண்ணைப் பள்ளியில் மணலெழுத்து தனித்து நிற்கவில்லை. எழுதும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லுதல், பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவற்றை முறைவைத்துச் சொல்லுதல், அவற்றை நெல்லளவை, நிலவளவை, பொன்னளவை ஆகிய வாழ்வியல் கணக்குகளோடு பொருத்துதல் என்னும் முழுமையின் ஒரு பகுதியாகவே அது இருந்தது. திண்ணைப் பள்ளிக் கணிதத்தை விரிவாக ஆராய்ந்த த. செந்தில்பாபு, அங்கு மனனம் என்பது பொருளறியாத ஒப்பித்தல் அன்று, அதுவே கணக்கிடும் பயிற்சியின் ஒரு வடிவம் என்பதை எடுத்துக்காட்டியுள்ளார். இங்கிலாந்து சென்ற மதராஸ் முறையில் மணலும் மூத்த மாணவனும் சென்றனர். அவற்றைச் சூழ்ந்திருந்த சொல்லும் வாழ்வும் செல்லவில்லை. அங்கு அது குறைந்த செலவில் மிகுந்த மாணவர்க்குக் கற்பிக்கும் நிருவாக ஏற்பாடாக மாறியது.

திண்ணைப் பள்ளியைப் போற்றுவது இங்கு நோக்கமன்று. அதன் சாதிய வரம்புகளும் கடுந்தண்டனைகளும் அறியப்பட்டவையே. ஒரு கற்றற்செயல் அதன் சூழலிலிருந்து பெயர்த்தெடுக்கப்படும்போது கண்ணுக்குப் புலப்படும் பகுதி மட்டுமே பெயர்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. பெருந்திட்டமாக விரிவாக்கப்படும் எம்முறைக்கும் இவ்விடர் உண்டு. தட்டும் அட்டையும் பாயும் பள்ளிதோறும் சென்றடையும். அவற்றைப் பயன்படுத்திய முதல் ஆசிரியர்களின் வினாக்களும் கூர்ந்து நோக்கும் பழக்கமும் அவ்வாறு சென்றடைவதில்லை.

பொருள் தானே பேசுவதில்லை

கற்றல்பொருள் குறித்த அயலக ஆய்வுகள் இங்குக் கருதத்தக்கன. கணிதக் கல்வியாளர் டெபோரா பால் 1992இல் எழுதிய கட்டுரையில், கைப்பொருள்களின்மீது ஆசிரியர் வைக்கும் நம்பிக்கை மந்திர நம்பிக்கைக்கு ஒப்பானது என்று சுட்டினார். கணிதத்தை முன்பே அறிந்த பெரியவர் பொருளில் கணிதத்தைக் காண்கிறார். அதனை அறியாத குழந்தையும் அதையே காணும் என எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

உளவியலாளர் ஜூடி டெலோச் 1987இல் வெளியிட்ட சோதனை இதற்கு வலுவான சான்று. ஓர் அறையின் சிறு மாதிரியில் பொம்மை ஒளித்துவைக்கப்படுவதைக் குழந்தை காண்கிறது. பெரிய அறையில் அதே இடத்தில் பெரிய பொம்மை ஒளிக்கப்பட்டிருப்பதும் அதற்குச் சொல்லப்படுகிறது. மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் நேரே சென்று அதனைக் கண்டெடுத்தனர். இரண்டரை வயதுக் குழந்தைகளால் பெரும்பாலும் இயலவில்லை. சிறிய அறை ஒரு பொருளாகவும் மற்றொன்றின் குறியீடாகவும் ஒரே நேரத்தில் விளங்குவதை அவர்களால் மனத்தில் இருத்த முடியவில்லை. அவருடைய பிற்காலச் சோதனைகளில், மாதிரியறையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தபோது இளைய குழந்தைகளின் வெற்றி கூடியது; அதனை முன்னதாகவே விளையாடக் கொடுத்தபோது மூன்று வயதினரின் வெற்றி குறைந்தது. கையாளுதல் மிகுந்தால் புரிதல் மிகும் என்ற எளிய சமன்பாட்டிற்கு இம்முடிவு நேர்மாறானது. பொருள் எவ்வளவுக்கு விளையாட்டுப் பொருளாகிறதோ அவ்வளவுக்கு அது குறியீடாக நிற்பது கடினமாகிறது.

டெலோச் ஆராய்ந்த குழந்தைகள் பள்ளி வயதினர் அல்லர். ஆகவே அம்முடிவை அப்படியே முதல் வகுப்பிற்குப் பொருத்துதல் தகாது. எனினும், ஒரு பொருளை மற்றொன்றிற்காக நிற்பதாகக் காண்பது தானே நிகழ்வதன்று, கற்கப்பட வேண்டிய ஒன்று என்னும் அடிப்படை தொடக்கப்பள்ளிக்கும் பொருந்தும். தமிழ் வகுப்பறையில் இது எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை இரு சான்றுகளால் காணலாம்.

குச்சிக்கட்டும் இடமதிப்பும்

இடமதிப்பைக் கற்பிக்க மிகப் பரவலாகப் பயன்படுவது குச்சிக்கட்டு. பத்துக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு பத்து. இரண்டு கட்டுகளும் மூன்று தனிக்குச்சிகளும் இருபத்து மூன்று. குழந்தை இதனை எளிதில் செய்கிறது. பின்னர் அதனையே எண்ணால் எழுதச் சொன்னால் சில குழந்தைகள் 203 என எழுதுவது தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் நன்கறிந்த பிழை.

இப்பிழையைக் கவனக்குறைவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. குச்சிக்கட்டு உணர்த்துவது தொகுப்பை, இடத்தை அன்று. பத்துக் கட்டினை இடப்புறம் வைத்தாலும் வலப்புறம் வைத்தாலும் அது பத்தே. அதன் மதிப்பு அதனுள்ளேயே உள்ளது. கட்டை அவிழ்த்து எண்ணிப் பார்க்கலாம். ஆனால் 23 என்னும் எழுத்துருவில் 2 என்பதன் மதிப்பு அதனுள் இல்லை; அது நிற்கும் இடத்தில் உள்ளது. எனவே குச்சிக்கட்டு எவ்வளவு பழகினாலும் இடமதிப்பின் இடக்கூற்றை அது தானாக உணர்த்துவதில்லை. இருபது என்பதற்கு 20, மூன்று என்பதற்கு 3 என அடுத்தடுத்து எழுதும் குழந்தை, தான் கண்ட பொருளுக்கும் கேட்ட சொல்லுக்கும் உண்மையாகவே நடந்துகொள்கிறது.

தமிழின் பழைய எண்முறையோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். அம்முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றிற்குத் தனிக்குறிகள் உண்டு. இருபத்து மூன்று ௨௰௩ எனவும், இருநூற்று மூன்று ௨௱௩ எனவும் எழுதப்பட்டன. இதற்குச் சுழியம் தேவையில்லை. மதிப்பு குறியிலேயே அடங்கியுள்ளது. குச்சிக்கட்டு இம்முறைக்கு மிக நெருக்கமானது: இரண்டு, பத்துக்கட்டு, மூன்று. வகுப்பறையில் நாம் கையில் கொடுப்பது பழைய எண்முறையின் தருக்கத்தை. எழுதச் சொல்வது வேறோர் எண்முறையின் வடிவத்தை. இரண்டிற்கும் இடையிலான தாவலைக் குழந்தை தனியே நிகழ்த்த வேண்டியுள்ளது.

ஆணிமணிச்சட்டத்தின் இயல்பு இதற்கு மாறானது. அதில் மணிகள் அனைத்தும் ஒரே வடிவின. எந்த ஆணியில் செருகப்படுகிறதோ அதற்கேற்ப மதிப்புப் பெறுகின்றன. ஆகவே அது இடத்தை உணர்த்துகிறது. ஆனால் பத்துகள் ஆணியிலுள்ள ஒரு மணிக்குள் பத்து ஒன்றுகள் உள்ளன என்பதை அது காட்டுவதில்லை. தொகுப்பைக் குச்சியும் இடத்தை மணியும் தனித்தனியே உணர்த்துகின்றன. இவற்றை ஒன்றிற்கு மாற்றாக மற்றொன்று எனத் துணைக்கருவிப் பட்டியலில் நிரற்படுத்துவது பிழை. ஒரே எண்ணை இரண்டிலும் அமைக்கச் செய்து, ‘இங்கே பத்து எங்கே இருக்கிறது?’ என்று வினவும்போதே இரண்டும் இணைகின்றன.

எண்ணுப்பெயர்களும் கருதத்தக்கன. இருபது, முப்பது, நாற்பது முதல் எண்பது வரையிலான பெயர்களில் பத்தின் வடிவம் தெளிவாகக் கேட்கிறது. தொண்ணூறு என்பதில் கேட்பது நூறு. அதுபோலவே தொள்ளாயிரத்தில் கேட்பது ஆயிரம். ஒன்பது, பத்தோடும் நூறோடும் புணரும்போது பெறும் இத்தனித்தன்மையைத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலிலும், நன்னூல் உயிரீற்றுப் புணரியலிலும் விதிகளால் விளக்குகின்றன. தமிழ் பயிலும் முதுகலை மாணவர்க்கு இலக்கணச் செய்தியாக அமைவது, இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குக் கணிதச் சிக்கலாகிறது. அதன் கையில் ஒன்பது பத்துக்கட்டுகள் உள்ளன; வாயில் நூறு என்னும் ஒலி வருகிறது. மேலும் எண்ணூறு (800), தொண்ணூறு (90) ஆகியன ஓசையால் இணைந்து மதிப்பால் பெரிதும் வேறுபடுவன. இவ்விடத்தில் பொருள் உதவவில்லை, மொழி குறுக்கிடுகிறது. ‘கையில் நூறு இருக்கிறதா?’ என்று கேட்டு, ஒன்பது கட்டுகளை எண்ணச் செய்து, பெயருக்கும் அளவுக்கும் உள்ள முரணைக் குழந்தையே சொல்லுமாறு செய்யும் ஆசிரியர் ஒருவரே அதனைத் தீர்க்க முடியும். பிறமொழி வகுப்பறைகளுக்கென ஆக்கப்பட்ட செயல்பாடுகளைத் தமிழாக்கம் செய்து வழங்கும் கையேட்டில் இச்சிக்கல் இடம்பெற வாய்ப்பில்லை. ஏனெனில் இது தமிழ் எண்ணுப்பெயர்களின் அமைப்பிலிருந்து எழுவது.

எழுத்தட்டையும் தமிழ் எழுத்தமைப்பும்

செயல்வழிக் கற்றலில் தமிழ் எழுத்துகள் அகரவரிசையில் அன்றி, எழுதுதற்கு எளிய வரிவடிவம் உடையன முதலில் வருமாறு அறிமுகமாயின. ட, ப, ம ஆகிய மூன்றையும் ஒரு புள்ளியையும் கொண்டே படம், பட்டம், மடம் எனச் சொற்கள் அமைத்துவிடலாம். கையின் எளிமையும் சொல்லின் பொருளும் இதில் ஒன்றுகூடுகின்றன. நெடுங்கணக்கு முழுவதையும் ஒப்பித்த பின்னரே சொல்லுக்கு வரும் முறையைவிட இது சிறந்தது என்பதில் ஐயமில்லை.

சிக்கல் உயிர்மெய்யில் தொடங்குகிறது. குறியட்டைகளை மெய்யட்டையோடு சேர்த்து உயிர்மெய் உருவாக்கும் விளையாட்டு பரவலானது. இவ்விளையாட்டு இன்று ஓரளவு சீராக இயலுவதற்கு 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தமும் ஒரு காரணம். அதற்கு முன்னர் ணா, றா, னா ஆகியனவும் அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியனவும் தனிவடிவங்கள் பெற்றிருந்தன. அப்பதின்மூன்று எழுத்துகளும் சீரானபின் துணைக்காலும் இணைக்கொம்பும் எல்லா மெய்களுக்கும் ஒன்றுபோல் பொருந்தலாயின.

எனினும் 216 உயிர்மெய்களையும் இவ்வாறு அட்டைகளால் அமைத்துவிட முடியாது. அகர உயிர்மெய் 18க்கும் தனிக்குறி இல்லை. ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஏழு வரிசைகளில் குறி தனித்து நிற்கிறது. அவை 126 எழுத்துகள். இ, ஈ, உ, ஊ ஆகிய நான்கு வரிசைகளில் குறி மெய்யோடு ஒட்டியுள்ளது; அவை 72 எழுத்துகள். அவற்றுள்ளும் உகர, ஊகார வரிசைகளில் வடிவம் மெய்தோறும் மாறுகிறது: கு, சு, து, மு ஆகியவற்றில் பொதுவான ஒரு குறியைப் பிரித்தெடுத்து அட்டையில் வரைய இயலாது. ஆகவே அட்டை விளையாட்டால் ‘குறியைச் சேர்த்தால் எழுத்து’ என்னும் விதியை உய்த்துணர்ந்த குழந்தை, உகர வரிசைக்கு வரும்போது அவ்விதியால் ஏமாற்றம் அடைகிறது.

வரிசைமுறைச் சிக்கல் மற்றொன்று. க் என்பதும் எ என்பதும் சேர்ந்து கெ ஆகிறது எனக் காதால் கற்கும் குழந்தை, கையால் கொம்பை முதலில் வைத்துப் பின்னரே ககரத்தை வைக்க வேண்டியுள்ளது. கொ என்னும் எழுத்திலோ ஓருயிரின் குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கிறது. கௌ என்பதில் வலப்புறம் நிற்கும் குறி ளகரத்தின் வடிவையே ஒத்துள்ளது. ஒலியின் வரிசையும் கையின் வரிசையும் இங்கு முரண்படுகின்றன. உப்புத்தாள் எழுத்தின்மீது விரலோட்டுவது வடிவத்தைக் கைக்குப் பழக்கும். இம்முரணை அது விளக்காது. ‘முதலில் கேட்பது எது? முதலில் எழுதுவது எது?’ என்னும் இரு வினாக்களைப் பிரித்துக் கேட்கும் உரையாடலே அதனை விளக்கும்.

பேச்சின் இடம்

இவ்விரு சான்றுகளும் ஒரே முடிவை நோக்கிச் செல்கின்றன. கற்றல்பொருளுக்கும் கருத்துக்கும் இடையே ஓர் இடைவெளி உள்ளது. அவ்விடைவெளி பொருளின் குறைபாடன்று, அதன் இயல்பு. அதனைக் கடக்க உதவுவது பொருளைப் பற்றிய பேச்சு. இந்நோக்கில் செயல்வழிக் கற்றலின் குழு அமைப்பை மதிப்பிடலாம்.

அம்முறையில் குழந்தைகள் ஆசிரியரின் முழு உதவி பெறுவோர், பகுதி உதவி பெறுவோர், சக மாணவரின் முழு உதவி பெறுவோர், பகுதி உதவி பெறுவோர், தாமே கற்போர், மதிப்பீட்டுக்கு உரியோர் என ஆறு குழுக்களில் அமர்ந்தனர். இதன் சிறப்புகளைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் குழந்தைகளோடு அமர்ந்தார். பல நாள் வாராதிருந்த குழந்தை, வகுப்பு தன்னைக் கடந்து சென்றுவிட்டது என்ற அச்சமின்றி, விட்ட படியிலிருந்தே தொடர முடிந்தது. வேளாண் பருவத்தில் வேலைக்குச் சென்று திரும்பும் குழந்தைகள் பயிலும் பள்ளிகளில் இது சிறிய மாற்றமன்று. கம்பிப் பந்தலில் தன் படைப்பு தொங்குவதைக் காணும் குழந்தைக்கு அவ்வகுப்பறை தனதாயிற்று.

ஆயினும் ஆசிரியரின் பேச்சு முதலிரு குழுக்களிலேயே குவிந்தது. அறிமுகத்தின்போது ஆசிரியர் உடனிருப்பது சரியே. ஆனால் பொருளுக்கும் குறியீட்டுக்கும் இடையிலான ஐயம் அறிமுகத்தில் எழுவதில்லை. குழந்தை தானே எழுதிப் பார்க்கும் பயிற்சியிலேயே எழுகிறது. 203 என்னும் விடை தோன்றுவது தாமே கற்கும் குழுவில். அங்கே அதனை வினவ ஆசிரியர் இல்லை. சக மாணவர் அது தவறு என்று திருத்தலாம். ஏன் என்று விளக்குதல் அவர்க்கும் அரிது. மேலும், ஒவ்வொரு குழந்தையும் வெவ்வேறு படிநிலையில் இருப்பதால், ஒரு விடையை வகுப்பு முழுவதும் கூடி விவாதிக்கும் வாய்ப்புக் குறைகிறது. குழந்தைகளின் வேகவேறுபாட்டை மதித்த அமைப்பு, அவர்களுக்குப் பொதுவான பேசுபொருள் இல்லாத நிலையையும் கூடவே உருவாக்கியது.

எண்ணும் எழுத்தும் திட்டம் பாடல், கதை, பொம்மலாட்டம் போன்றவற்றால் வகுப்பு முழுவதற்கும் பொதுவான பேசுபொருளை மீட்டெடுத்துள்ளது. அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளால் வேகவேறுபாட்டிற்கும் இடமளிக்கிறது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் ஒவ்வொரு நிலைக்கும் உரிய பயிற்சி நூலை நிரப்பி முடித்தலும், மதிப்பீட்டு விவரங்களைப் பதிவேற்றுதலும் ஆசிரியரின் நேரத்தை எடுத்துக்கொள்ளுமாயின், மீட்டெடுத்த பேச்சு மீண்டும் சுருங்கும். அட்டை விட்டுச்சென்ற இடத்தில் பயிற்சி நூல் அமரும். செயல் என்னும் பெயர் மட்டும் தொடரும்.

ஆய்வுமுறை குறித்த ஒரு கருத்து

இத்துறையில் பெரிதும் கையாளப்படும் ஆய்வு வடிவம், ஒரு குழுவிற்குச் செயல்வழியிலும் மற்றொரு குழுவிற்கு விரிவுரை வழியிலும் கற்பித்து, முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்களை ஒப்பிடுவதாகும். இவ்வடிவம் ‘எது சிறந்தது’ என்னும் வினாவிற்கு விடைதரலாம். ‘எவ்வாறு நிகழ்கிறது’ என்பதற்கு விடைதருவதில்லை. செயல்வழிக் குழு பெற்ற கூடுதல் மதிப்பெண் பொருளால் வந்ததா, ஆசிரியரின் கூடுதல் கவனத்தால் வந்ததா, புதுமையின் கவர்ச்சியால் வந்ததா என அதனால் பிரித்தறிய இயலாது. பாடம் முடிந்த உடனே நடத்தும் பின்தேர்வு, சில மாதங்களுக்குப் பின் எஞ்சுவதைக் காட்டுவதில்லை. பொருள் கையில் இல்லாதபோது குழந்தை என்ன செய்கிறது என்பதையும் பெரும்பாலும் அளப்பதில்லை. உண்மையில் கற்றல் வெளிப்படுவது அங்கேதான்.

பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகள் இதில் ஆற்றவேண்டிய பணி உண்டு. தமிழ் எண்ணுப்பெயர், வரிவடிவம், புணர்ச்சி ஆகியவை குழந்தையின் கற்றலில் எங்கெங்குக் குறுக்கிடுகின்றன, எங்கெங்கு உதவுகின்றன என்பதைக் கல்வியியல் துறை தனியே ஆராய்தல் அரிது. குழந்தைகளின் பிழைகளைத் தொகுத்து வகைப்படுத்தி, அவற்றின் மொழியியற் காரணங்களைக் கண்டறியும் ஆய்வுகள் மதிப்பெண் ஒப்பீட்டைவிட ஆசிரியர்க்குப் பயன்தரும்.

முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் பின்வருவன புலனாகின்றன.

செயல், படிமம், குறியீடு ஆகிய வெவ்வேறு நிலைகளைச் ‘செயல்பாடு’ என்னும் ஒரே சொல் மூடிமறைப்பதால், ஒரு நிலையிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் வழி கற்பித்தல் திட்டங்களில் கவனம் பெறவில்லை.

குச்சிக்கட்டு தொகுப்பையும் ஆணிமணிச்சட்டம் இடத்தையும் உணர்த்துகின்றன. ஒன்று மற்றொன்றிற்கு மாற்றாகாது. தொண்ணூறு, தொள்ளாயிரம் போன்ற எண்ணுப்பெயர்கள் தமிழ்க் குழந்தைக்குத் தடைகளை உருவாக்குகின்றன.

எழுத்தட்டை 126 உயிர்மெய்களுக்கு ஓரளவு பொருந்தி, 72 எழுத்துகளில் தடுமாறுகிறது. பொருந்துமிடத்தும் ஒலிவரிசைக்கும் கைவரிசைக்கும் முரண் உண்டு.

இத்தடைகளைக் கடக்கத் துணைசெய்வது பொருளைப் பற்றிய வினாவும் விளக்கமுமாகிய பேச்சு. ஆகவே ஒரு செயல்பாட்டைக் கையேட்டில் எழுதும்போது, தேவையான பொருள்களின் பட்டியலோடு, அப்பொருள் உணர்த்தாதது எது, அவ்விடத்தில் கேட்கவேண்டிய வினா எது என்பனவும் எழுதப்பட வேண்டும்.

கையில் பொருளைக் கொடுத்துவிட்டோம், இனிக் கற்காதது குழந்தையின் குறையே எனக் கருதும் நிலை, செயல்வழிக் கற்றலின் நோக்கத்திற்கே எதிரானது. 203 என எழுதிய குழந்தை ஏதும் கற்காத குழந்தையன்று. நாம் கொடுத்த பொருள் சொன்னதை முழுமையாகக் கேட்டு, பொருள் சொல்லாததைக் கேட்கக் காத்திருக்கும் குழந்தை. அதனிடம் எஞ்சியதைச் சொல்லும் கடமை ஆசிரியர்க்கு உண்டு. எது எஞ்சியுள்ளது என்பதைக் கண்டுரைக்கும் கடமை ஆய்வாளர்க்கு உண்டு.